கெடாவா பொட்டையா

நேத்து வேதாரண்யத்துலேர்ந்து கொடியக்கரை போயிருந்தோம், சாயங்காலம் புள்ளிமான் கூட்டம் ஒண்ணு, குட்டிங்களோட. குட்டில எது கெடா எது பொட்டைன்னு சித்தப்பா கேட்டாரு, அதுலேர்ந்து இதே நெனப்பு. ஸ்காட்லாந்துல ரம் தீவுல செம்மான்களை (ரெட் டீர்ங்கற செவப்பு மான்) ஒவ்வொண்ணா அடையாளம் வச்சு வருஷக்கணக்கா பாத்துட்டு வர்றாங்க, கூட்டத்துல அதிகாரம் பண்ற தாய்மானுக்கு ஆண்குட்டி அதிகம் பொறக்குதுன்னு 1984ல சொன்னாங்க, அந்த மாதிரி தாயோட குட்டி நல்லா வளரும், நல்லா வளந்த கெடாவுக்குத்தான் நெறைய ஜோடி கெடைக்கும்ல. ஆனா 1999ல வந்த ஆய்வு இன்னும் ஆழம், மான் எண்ணிக்கை கூடி குளிர்கால மழையும் அதிகமானா ஆண்குட்டி பொறப்பு கொறையுது, அந்த அதிகார வித்தியாசமும் மறைஞ்சுடுது. பசியில இருக்குற தாய் வயித்துல ஆண்கரு தங்காம போறதுதான் காரணமா இருக்கலாம்ங்கறாங்க. படிச்சதுலேர்ந்து மனசு கனத்துப் போச்சு.