கேட்காத பிள்ளை

“சொன்னா கேக்கவே மாட்டேங்கிறான்.” காது கேளாத குழந்தைகளுக்கான சிறப்பாசிரியராக 14 வருடங்களாக வேலை பார்க்கிறேன். பெற்றோர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட புகார் இதுதான். நம் மொழியில் ‘கேட்பது’ என்றால் காதால் கேட்பதும்தான், சொன்னபடி நடப்பதும்தான். எத்தனையோ குழந்தைகளின் முதல் இரண்டு மூன்று வருடங்கள் இந்த ஒரு சொல்லுக்குள் தொலைந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

நாலு வயதுப் பையன் ஒருவன் பிடிவாதக்காரன் என்று பெயர் எடுத்திருந்தான். கூப்பிட்டால் திரும்ப மாட்டான். ஆனால் கதவை ஓங்கிச் சாத்தினால் திரும்பிவிடுவான். அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டுமென்றே செய்கிறான் என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கதவின் அதிர்வு உடம்பில் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். பேச்சின் ஒலிகள் அவனை எட்டவே இல்லை. அதற்குள் அவன் வாங்கிய அடிகளை நினைத்தால் இன்றைக்கும் மனசு கனக்கிறது.

பிறந்த குழந்தை தூங்கும்போதே சில நிமிடங்களில் காதைப் பரிசோதித்துவிடலாம். 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறை உண்டா என்ற உறுதி, 6 மாதத்துக்குள் உதவி தொடங்குவது என்பதுதான் எங்கள் துறையின் கணக்கு. பிறந்தபோது எல்லாம் சரி என்று வந்தாலும், மூளைக்காய்ச்சல் போன்ற ஒன்றால் பிறகு கேட்கும் திறன் போகலாம். அதனால், “வளர்ந்தா பேசிடுவான், பொறுங்க” என்று யாராவது சொன்னால், தயவுசெய்து பொறுக்காதீர்கள்.

அந்தப் பையனுக்குக் காதில் கருவி பொருத்திய பிறகு தினமும் காலையில் ஒரு சின்ன சோதனை. அம்மா வாயை மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகளைச் சொல்வார்: ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ். தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை பேச்சுக்குத் தேவையான எல்லாம் இதற்குள் வந்துவிடும். அவன் ஒரு பாசிமணியைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக் காத்திருப்பான். ஒலி கேட்டதும் டப்பாவில் போடுவான். ஒருநாள் ‘ஸ்’ வந்தபோது மணி கன்னத்திலேயே இருந்தது. கழற்றிப் பார்த்தால் கருவியின் குழாயில் ஒரு துளி ஈரம். ஊதித் துடைத்து மாட்டினோம், மணி டப்பாவில் விழுந்தது. கருவியை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கண்ணாடி போட்டதும் எழுத்து தெரிவதுபோல இது உடனே பலன் தராது. மூளை ஒலிகளைப் பழக வேண்டும், மின்விசிறிச் சத்தமும் பேச்சோடு சேர்ந்தே வரும், காதுக்குள் பொருந்தும் கருவியின் அச்சை, பிள்ளை வளர வளர அடிக்கடி மாற்றவும் வேண்டும்.

ஊர்க் கூட்டங்களிலும் பள்ளிகளிலும் பேசப் போனால் நான் சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து ‘மணி’ என்பேன். ‘பணி’ என்பார்கள் பாதிப் பேர். ‘படி’ என்றால் ‘மடி’ என்பார்கள். உதட்டில் ப-வும் ம-வும் ஒன்றுபோலத்தான் இருக்கும். தொண்டைக்குள் பிறக்கும் ஒலிகளோ வெளியே தெரியவே தெரியாது. ஒரு குழந்தை நாள் முழுக்க வகுப்பில் இப்படித்தான் ஊகித்துக்கொண்டே இருக்கிறது என்று சொன்னதும் கூட்டம் அமைதியாகிவிடும். ‘ஊமை’ என்ற சொல்லையும் அங்கேயே விட்டுவிடச் சொல்வேன். பெரும்பாலான குழந்தைகளின் குரலில் எந்தக் குறையும் கிடையாது.

என்னுடைய ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வேலைக்கு வந்த புதிதில், “சைகை காட்டாதீங்க, அப்புறம் பேச்சே வராது” என்று தாய்மார்களிடம் சொன்னேன். எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அந்த எண்ணத்தின் வேர் ரொம்பப் பழையது. 1880ல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய, காது கேளாதோர் கல்விக்கான ஆசிரியர் மாநாடு, பள்ளிகளில் சைகை வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. ஓட்டுப் போட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். 2010ல் கனடாவின் வான்கூவரில் நடந்த அதே கல்வி மாநாட்டில்தான் அந்தத் தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தார்கள். என் பேச்சை நம்பி, பிள்ளை கை நீட்டிக் காட்டியதைக்கூடப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரு அம்மாவை நான் மறக்கவில்லை. சைகை மொழி பேச்சைத் தடுப்பதில்லை. பேச்சு வரும்வரை பிள்ளை மொழியே இல்லாமல் காத்திருப்பதுதான் ஆபத்து.

காது கேளாத குழந்தைகளில் 10ல் 9 பேருக்கும் மேல் காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். பெரும்பாலும் வீட்டில் யாருக்கும் சைகை தெரியாது. 11 வயதுச் சிறுமி ஒருத்தி வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது ‘என்ன?’ என்று கையால் கேட்பாள். “ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்” என்பார்கள். ஒருநாள் அவள் என்னிடம் சைகையில் கேட்டாள்: “அப்புறம் என்றால் எப்போது?” என்னிடம் பதில் இல்லை. கேட்பது என்பதற்கு நம் மொழியில் மூன்றாவது அர்த்தமும் உண்டே. அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறாள். கேட்காமல் இருந்தது நாங்கள்.

அவள் அப்பாவிடம் இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அடுத்த வாரத்திலிருந்து வகுப்பு முடிந்ததும் அவரும் உட்கார்ந்து சைகை பழகத் தொடங்கினார். மூன்று மாதம் கழித்து வீட்டுக்குப் போயிருந்தேன். சித்தப்பா ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அப்பா கையை உயர்த்தி அவர்களை நிறுத்திவிட்டு, மகள் பக்கம் திரும்பி, தட்டுத்தடுமாறி முழு விஷயத்தையும் கையால் சொன்னார். கடைசியில் ‘புரிந்ததா?’ என்று சைகை செய்தார். முகம் மட்டும் அசையவே இல்லை. பல சைகை மொழிகளில் இப்படிக் கேட்கும்போது புருவம் உயர வேண்டும். அதுதான் அங்கே கேள்விக்குறி. அவள் எட்டி, இரண்டு கட்டைவிரலாலும் அவர் புருவங்களை மேலே தூக்கிவிட்டாள்.