எங்கள் க்ளினிக்கில் வாய் திறக்க வைக்க ஐந்து மாதம் ஆனது

ஈரோட்டில் இரண்டு சேர் போட்டு பல் க்ளினிக் நடத்துகிறேன். நான், ஒரு ஜூனியர் டாக்டர், இரண்டு அசிஸ்டன்ட் பெண்கள், வரவேற்பில் ஒரு அக்கா. வியாழக்கிழமை மட்டும் ரூட் கேனால் ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் வெளியிலிருந்து வருவார். மொத்தமே ஆறு பேர். இந்த ஆறு பேருக்குள் பேசிக்கொள்வதில் என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் இருந்தேன்.

முதல் அடி ஒரு அந்தியூர்ப் பெரியவர் விஷயத்தில் விழுந்தது. கழற்றி மாட்டும் பல் செட்டுக்கு மாவு வைத்து அளவெடுத்து, ட்ரேயை மேடையில் வைத்துவிட்டு அடுத்த சேருக்குப் போய்விட்டேன். ஆல்ஜினேட் என்கிற அந்த அளவு மாவில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடனே அந்த அச்சில் ஸ்டோன் (இறுகிக் கெட்டியாகும் ஜிப்சம் கலவை) ஊற்ற வேண்டும், முடியாவிட்டால் ஈரத்துணி சுற்றி டப்பாவில் மூடியாவது வைக்க வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் மற்றவள் ஊற்றியிருப்பாள் என்று நினைத்தாள். மற்றவள், ஜூனியர் டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டாள். மாலையில் பார்த்தால் ட்ரே ஃபேனுக்கு நேர் கீழே, ஓரமெல்லாம் சுருங்கிக் கிடந்திருக்கிறது. என்னிடம் சொல்லப் பயந்து, அதிலேயே ஸ்டோனை ஊற்றி, பல் செட் செய்யும் லேப்பின் பையனிடம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

செட் வந்தது. வாயில் உட்காரவே இல்லை. "பரவால்லீங்க, இன்னொருக்கா வர்றேன்" என்றார் பெரியவர். பஸ் காசு நீட்டினேன், வாங்கவில்லை. அவர் போனதும் இரண்டு பெண்களையும் வெயிட்டிங் ஹாலில் வைத்தே திட்டித் தீர்த்தேன். அங்கே வேறு பேஷண்ட்கள் இருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அந்தத் திட்டுக்கு விலை மூன்றே வாரத்தில் வந்தது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த பையன் ஒருவன், அங்கத்திய டாக்டரின் குறிப்பைக் கொண்டுவந்தான்: 14ஆம் பல்லை எடுக்க வேண்டும். நம் முறையில் 14 என்றால் மேல் வலது முன்கடைவாய்ப்பல். அவர்களோ 1 முதல் 32 வரை வரிசையாக எண்ணுவார்கள். அங்கே 14 என்பது மேல் இடது முதல் கடைவாய்ப்பல். ஜூனியர் டாக்டர் வலது பக்கம் ஊசி போடப் போய்விட்டார். வாசலில் நின்ற அம்மா, "வலி எடப்பக்கம்ங்களே கண்ணு" என்றாரே, தப்பித்தோம்.

அதைவிட உறைத்தது அப்புறம் தெரியவந்த விஷயம். கூட நின்ற அசிஸ்டன்ட் பெண் இடது பக்க வீக்கத்தைக் கவனித்திருக்கிறாள். "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி திட்டினீங்கல்ல மேடம்" என்றாள்.

சரி, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை இரவு டீ, பஃப்ஸ் வாங்கி வைத்து மீட்டிங் போட்டேன். முக்கால் மணி நேரம் நான் ஒருத்தியே பேசினேன். அவர்கள் கடைசி பஸ்ஸுக்கு மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து வாட்ஸ்அப் குரூப். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் லேப் மெசேஜ் புதைந்துபோய், பல்லுக்கு மாட்டும் கேப் லேப்பிலிருந்து வராத நாளில் பேஷண்ட் வந்து உட்கார்ந்திருந்தார். இந்த இரண்டிலும் நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

எங்களுக்குச் சரிப்பட்டது, காலை 9:20க்கு அப்பாயின்ட்மென்ட் நோட்டைச் சுற்றி நின்றுகொண்டே பேசும் பத்து நிமிடம். உட்கார்ந்தால் அரை மணி ஆகிவிடும். முதலில் பேச வேண்டியது டாக்டர் இல்லை, வரவேற்பு அக்கா. பேஷண்ட்கள் நம்மிடம் சொல்லாததையெல்லாம் அவரிடம்தான் சொல்கிறார்கள். படிவத்தில் மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்று எழுதிய ஒருவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்பது, அவர் மகள் போன் செய்ததால் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அக்கா சொன்னதால் இதய டாக்டரிடம் பேசி, மாத்திரையை நிறுத்தாமலே ஒரு பல்லை மட்டும் எடுத்துத் தையல் போட்டு அனுப்பினோம். இங்கே ஒரு எச்சரிக்கை: அந்த மாத்திரையை நாமாகவே நிறுத்தச் சொல்லிவிடக் கூடாது, அது பல்லைவிடப் பெரிய வம்பு.

இரண்டாவது மாற்றம் இரவல் வாங்கியது. அறுவை சிகிச்சைக்காக உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலில் 19 விஷயங்கள் உண்டு. நாங்கள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. ஊசிக்கு முன்னால் கையை நிறுத்தி, பெயர், பல், பக்கம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எண் மட்டும் போதாது, "மேல் இடது" என்று வார்த்தையிலும் வர வேண்டும். பேஷண்டும் விரலால் தொட்டுக் காட்ட வேண்டும்.

மூன்றாவது, கேப்புக்குப் பல்லின் நிறம் சொன்னால் கேட்டவர் திருப்பிச் சொல்ல வேண்டும். சக்‌ஷன் மெஷின் ஓடும் சத்தத்தில் நான் "ஏ மூன்றரை" என்று சொன்ன நிற எண் "ஏ மூணு" என்று லேப் சீட்டில் ஏறி, கல்யாணப் பெண் ஒருத்தியின் முன்பல் கேப்பைத் திருப்பி அனுப்பிய அனுபவம் இருக்கிறது. இப்போது "மூணு பாயிண்ட் அஞ்சு" என்றுதான் சொல்கிறோம்.

வியாழக்கிழமை ஸ்பெஷலிஸ்ட்தான் மசியவில்லை. "இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்குங்க மேடம்" என்பார். போன வாரம் அவர் சிரிஞ்சுக்குக் கை நீட்டினார். அன்று வாயை மூடிக்கொண்டிருந்த அதே பெண், சிரிஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு, "எந்தப் பல்லுங்க சார்?" என்றாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பக்கத்துச் சேரில் நான் மூச்சுக்கூட விடவில்லை.

"முப்பத்தாறு. கீழ் இடது" என்று முறைத்துக்கொண்டே சொன்னார். அப்புறம்தான் கொடுத்தாள்.