குளத்துத் தண்ணீர் போகும் வழி

புவியியல் சேர் புத்தகத்தைத் திறக்கவே விடவில்லை. முதலில், இலங்கையின் வன்னியில் உள்ள எங்கள் முத்தையன்கட்டுக் குளத்தைக் கொப்பியில் கீறச் சொன்னார். காட்டுக்குள்ளிருந்து வரும் பேராறு, அதை மறித்த கட்டு, தண்ணீரைத் திறந்துவிடும் துருசு, குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்தோடும் வான், வாய்க்கால் எல்லாம் கீறினோம். “சரி, தண்ணி எங்கை போய் முடியுது?” என்று கேட்டார். வயலோடு முடிகிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தோம். கரும்பலகையில் ஆற்றை நீட்டிக்கொண்டே போய், முல்லைத்தீவுக் கரையோரக் கடலேரியான நந்திக்கடலில் நிறுத்தினார்.

இங்கே கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்குக் குளம் என்றால் பூங்காவில் வாத்து நீந்தும் குட்டைதான். வன்னிக் குளம் வேறு. எங்கள் முகவரியே அதிலிருந்து வந்தது: இடதுகரை, வலதுகரை. கிளித்தட்டுக்கும் கரை பிரித்துத்தான் ஆள் சேர்ப்போம்.

மாரியில் விதைக்கும் காலபோகத்தை மழை பார்த்துக்கொள்ளும். கோடையில் விதைக்கும் சிறுபோகத்துக்குக் குளத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து, கூட்டம் கூடித்தான் விதைக்கும் ஏக்கரை முடிவெடுப்பார்கள். தண்ணீர் குறைந்த ஒரு வருடம் அப்பா எங்கள் காணியைத் தரிசாக விட்டுவிட்டு, அயலவரின் வயலில் பங்குக்கு விதைத்தார். அதில் அவருக்கு மனவருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் இரவில் களவாக வாய்க்காலை வெட்டியவருடன் கடைசிவரை அவர் கதைக்கவில்லை.

மார்கழியில் வான் பாய்ந்தால் வகுப்பில் பாதி வாங்கு வெறுமையாகிவிடும். ஜப்பான் மீன் என்று நாங்கள் சொல்லும் திலாப்பியா தண்ணீரை எதிர்த்து ஏறி, கல்லில் மோதித் துள்ளும். அதைச் சாரத்தால் வடித்துவிடலாம். விரால் அப்படி அகப்படாது. தலையை மண்ணோடு அமத்தி, செவுளுக்குள் விரலைக் கொடுத்துத் தூக்க வேண்டும். கைவிரல் கிழிந்து எரியும். அம்மா பழப்புளி விட்டு வைத்த அந்தக் குழம்பு, அடுத்த நாள் காலையில் பழஞ்சோற்றோடுதான் ருசி.

பிறகு வைகாசி. நந்திக்கடல் கரையில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல். முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோவிலில் அந்த உப்புநீரில் விளக்கெரிப்பார்கள். பொங்கலன்று விடியவிடிய ஒட்டுசுட்டான் வீதியால் சனம் நடக்கும். நானும் அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி நடந்திருக்கிறேன். கோவிலடியில் நந்திக்கடலைக் கண்டதும், “அம்மா, இது எங்கடை குளத்துத் தண்ணியாம்” என்றேன். அம்மா குனிந்து ஒரு கை அள்ளி என் தலையில் தெளித்தா.

2009 தொடக்கத்தில் போர் நெருங்கிவர, இடதுகரையும் வலதுகரையும் ஒன்றாக ஊரைவிட்டு வெளிக்கிட்டன. இடம் மாறி இடம் மாறி, மே மாதம் நாங்கள் வந்து நின்றதும் அந்த நந்திக்கடல் கரையில்தான். நெஞ்சளவு தண்ணீரில் இறங்கினோம். என்னோடு வாங்கில் இருந்து குளம் கீறியவர்களில் மூன்று பேர் அக்கரை வந்து சேரவில்லை.

அந்தக் கொப்பி அக்காவின் பையில் இருந்தது. நனைந்து மை கரைந்துவிட்டது. பேராறு மட்டும் பென்சிலால் கீறியது, அப்படியே தெரிகிறது.