ஆட்டம் முடிந்த பிறகு வீடு வரை

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை தயாராகிக்கொண்டிருக்கும் இதே நாட்களில்தான் அயர்லாந்தின் தென்பகுதியில் மன்ஸ்டர் மாகாணத்தின் ஹர்லிங் போட்டிகளும் தொடங்குகின்றன. ரேஸ்கோர்ஸ் பகுதியில் ஹாக்கி ஆடி வளர்ந்த எங்களில் சிலருக்கு இந்த ஆட்டத்தின் மீது ஏற்பட்ட பிடிப்பு, பார்த்ததைவிடக் கேட்டதால்தான் இறுகியது. நேரலையில் பார்க்க எல்லா வாரமும் வாய்ப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை அலசும் பாட்காஸ்ட்கள் திங்கட்கிழமைக்குள் கைபேசிக்கு வந்துவிடுகின்றன. யாரை எந்த இடத்தில் ஆட வைத்திருக்க வேண்டும், நடுவர் எதைப் பார்க்கத் தவறினார் என்று முன்னாள் வீரர்கள் மணிக்கணக்கில் வாதாடுவதைக் கேட்பதில் தனிச் சுகம் இருக்கிறது. எங்களில் பலர் அந்த வாதத்தை வண்டி ஓட்டிக்கொண்டே கேட்கிறார்கள் என்பதுதான் இதை எழுதக் காரணம்.

ஹர்லிங்கை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அணிக்குப் பதினைந்து பேர். சாம்பல் மரம் எனப்படும் ஆஷ் மரத்தில் செய்த, அடிப்பகுதி அகன்ற மட்டை. 110 முதல் 116 கிராம் எடையுள்ள தோல் பந்து. கம்பத்தின் குறுக்குச் சட்டத்துக்கு மேலே பந்து போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் கோல், அதற்கு மூன்று புள்ளிகள். மாவட்ட அணிகளின் ஆட்டம் 70 நிமிடங்கள். ஹாக்கியில் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்கினாலே பதறும் நமக்கு, பந்தைக் காற்றிலேயே அடித்து எண்பது, தொண்ணூறு மீட்டர் அனுப்பும் இவர்களைக் கண்டால் முதலில் திகைப்பும் பிறகு ஆசையும் வரும். 1884இல் துர்லெஸ் என்ற ஊரில் கூடி அமைக்கப்பட்ட கேலிக் தடகளச் சங்கம்தான் இன்றும் இந்த ஆட்டத்தை நடத்துகிறது. 2018இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரும் டப்ளின் குரோக் பார்க்கில் இறுதி ஆட்டம் ஆடும் வீரருக்கும் சம்பளம் கிடையாது. அவர் ஆசிரியராகவோ விவசாயியாகவோ இருப்பார். பிறந்த ஊரின் சங்கத்துக்கு ஆடுவார். மறுநாள் வேலைக்குப் போவார். ஊர்ப் பெயரைப் பனியனில் எழுதிக்கொண்டு கபடிக்கு இறங்கும் நம் பக்கத்துப் பையன்களை அறிந்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

மாவட்ட அணிகள் மோதும் அகில அயர்லாந்துக் கோப்பையின் 2024, 2025 இறுதி ஆட்டங்களைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வரவில்லை. 2024இல் கூடுதல் நேரம் வரை போன ஆட்டத்தில் கிளேர் 3-29 (மூன்று கோல், 29 புள்ளி), கார்க் 1-34. அதாவது மொத்தத்தில் 38க்கு 37, ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். 2025 ஜூலையில் அதே கார்க், டிப்பெரரிக்கு எதிராக இடைவேளையில் ஆறு புள்ளிகள் முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதி முழுவதிலும் கார்க் எடுத்தது வெறும் இரண்டு புள்ளிகள். டிப்பெரரி அதே பாதியில் மூன்று கோல்களையும் பதினான்கு புள்ளிகளையும் குவித்து 3-27க்கு 1-18 என்று கோப்பையைக் கொண்டுபோனது. 2005க்குப் பிறகு அந்தக் கோப்பையையே தொடாத ஒரு மாவட்டம், இரண்டு ஆண்டுகள் அடுத்தடுத்து இப்படித் தோற்பதைத் தாங்கிக்கொண்டு மீண்டும் ஏப்ரலில் மைதானத்துக்கு வருகிறது என்றால், அந்த ரசிகர்களுக்குக் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

அந்த ரசிகர்கள் எப்படி மைதானத்துக்கு வருகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். மன்ஸ்டரின் பெரிய ஆட்டங்கள் நடக்கும் துர்லெஸ் சுமார் எட்டாயிரம் பேர் வாழும் சிற்றூர். அங்குள்ள செம்பிள் மைதானத்தில் ஏறத்தாழ 45,000 பேர் கூடலாம். ரயிலில் வருபவர்கள் போக மற்றவர்கள் எல்லாம் கார்களில், இருபுறமும் வேலி அடைத்த குறுகலான கிராமச் சாலைகளைக் கடந்து வந்து, மாலையில் அதே வழியில் திரும்ப வேண்டும். வீரர்களின் நிலைமையும் அப்படித்தான்: டப்ளினில் வேலை பார்ப்பவர் வாரத்தில் சில நாட்கள் மாலையில் சொந்த மாவட்டத்துக்குக் காரோட்டிப் போய்ப் பயிற்சி முடித்து இரவில் திரும்புவார். ஆகவே அங்கே விளையாட்டைப் பேசுகிறவர்களுக்குச் சாலை அந்நியமான விஷயம் அன்று. 2006இல் அந்த நாட்டில் காரணம் எதுவும் காட்டாமலே வாகனங்களை நிறுத்தி மது அருந்தியிருக்கிறார்களா என்று சோதிக்கும் முறை வந்தது. 2025 பிப்ரவரியில் கிராமப்புற உள்ளூர்ச் சாலைகளின் வேக வரம்பு 80 கிலோமீட்டரிலிருந்து 60ஆகக் குறைக்கப்பட்டது. மது விஷயத்தில் நம் சட்டம் இன்னும் கண்டிப்பானது: அங்கே சாதாரண ஓட்டுநருக்கு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் வரை வரம்பு, இங்கே 30தான். அலங்காநல்லூர்ச் சாலையிலோ மேலூர்ப் பக்கத்துக் கிளைச் சாலைகளிலோ இரவு ஒரு மணிக்கு வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, ஏட்டில் இருக்கும் எண் எவ்வளவு தூரம் துணைக்கு வரும் என்பது தெரியும்.

நம் பக்கத்து இரவு நேரக் கபடிப் போட்டிகள் எனக்கு மிகவும் பிடித்தமானவை. குழல் விளக்கும் ஃபோகஸ் லைட்டும் கட்டிய திடலில், மைக் பிடித்தவர் ஒவ்வொரு பிடிக்கும் நூறு ரூபாய் பரிசு அறிவித்துக்கொண்டிருக்க, புழுதி பறக்க ஆடும் ஆட்டத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் திடலுக்கு வெளியே நிறுத்தியிருக்கும் பைக்குகளின் வரிசையை நின்று பாருங்கள். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க்கின் மேல் இருக்கும், அல்லது கண்ணாடியில் தொங்கும். பலவற்றில் தாடைப் பட்டையின் கொக்கி உடைந்து, வார் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். இறுதி ஆட்டம் பின்னிரவில் முடிந்ததும் ஒரு வண்டிக்கு மூன்று பேராக ஏறி, தூக்கக் கண்களோடு கிளம்புவார்கள். அதே நேரத்தில் முன்னால் பின்விளக்கு இல்லாமல், வைக்கோலை அகலத்துக்கு மேல் அகலமாக ஏற்றிய டிராக்டர் ஒன்று வளைவில் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். எங்களோடு ஆடிய ஒரு தம்பி அப்படி ஒரு டிராக்டரின் பின்னால்தான் மோதினான். இரண்டு காதிலும் இயர்போன். பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹார்ன் அடித்து எச்சரித்தது அவனுக்குக் கேட்கவே இல்லை. தோள்பட்டை எலும்பு முறிந்தது. கொக்கி மாட்டிய ஹெல்மெட் இருந்ததால் தலை தப்பியது.

ஹர்லிங்கில் ஹெல்மெட்டின் கதை இதனால்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பல தலைமுறைகள் வெறுந்தலையோடு ஆடிய ஆட்டம் அது. முகத்துக்கு நேரே மட்டை வீசப்படும் என்று தெரிந்தும், தலையில் எதையாவது மாட்டிக்கொண்டால் பார்வை மறைக்கும், வியர்க்கும், பழக்கமில்லை என்று மூத்த வீரர்கள் மறுத்துவந்தார்கள். இங்கே பைக் ஓட்டுபவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்றுகூட மாறவில்லை. 2010 ஜனவரி 1 முதல் முகக்கம்பியுடன் கூடிய ஹெல்மெட் எல்லா நிலை ஆட்டங்களிலும் கட்டாயமாக்கப்பட்டது. இன்று ஹெல்மெட் இல்லாத ஹர்லிங் வீரரைப் பழைய படங்களில்தான் பார்க்க முடியும். ஆட்டத்தின் வேகமும் அழகும் எள்ளளவும் குறையவில்லை. மட்டையைப் பிடிக்கத் தொடங்கும் வயதிலேயே குழந்தைகளின் தலையில் அது ஏறிவிடுவதால், அவர்களுக்கு அதைக் கழற்றுவதுதான் விசித்திரமாக இருக்கும். அபராதம் போடும் நாளில் மட்டும் மாட்டும் ஹெல்மெட் ஒருநாளும் இப்படிப் பழக்கமாகாது.

அலங்காநல்லூருக்கு அருகே ஓர் ஊரில் விழாக் குழுவில் இருக்கும் ஒரு தம்பியிடம் இதைப் பேசினேன். இறுதி ஆட்டத்தை இரவு பத்து மணிக்குள் முடிக்கும்படி அட்டவணை போட முடியாதா என்று கேட்டேன். "அண்ணே, வெளியூர் டீம் வந்து சேரவே ஏழு மணியாயிருதுண்ணே. பத்து மணிக்கு முடிச்சா கூட்டமே கூடாதுண்ணே" என்றான். "அப்ப மதியமே ஆரம்பிச்சுரு தம்பி. முடியலைன்னா, விடியிற வரைக்கும் பந்தல்ல படுக்க இடம் குடு, தூங்கிட்டுப் போகட்டும்" என்றேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, பந்தல் யோசனையைக் குழுவில் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னான். அயர்லாந்தில் மாவட்ட அணிகளின் முழு அட்டவணையும் பல மாதங்களுக்கு முன்பே வெளியாகிவிடுகிறது. ஆட்டங்கள் பெரும்பாலும் பகலிலும் மாலையிலும் முடிந்துவிடுகின்றன. கோடையில் அங்கே வெகுநேரம் வெளிச்சம் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் எந்த நேரத்தில் முடியும் என்று ரசிகனுக்கு முன்கூட்டியே தெரிவதற்கு வெளிச்சம் தேவையில்லை.

மைக் பிடிப்பவருக்கும் ஒரு வேண்டுகோள். நன்கொடையாளர்களின் பெயர்களை வாசிக்கும் இடைவெளியில், கொக்கியை மாட்டுங்கள், மூன்று பேராகப் போகாதீர்கள் என்பதோடு இன்னும் இரண்டு செய்திகளைச் சொல்லலாம். சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசு 2021 முதல் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் இலவசமாகத் தருகிறது. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ப்பவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு என்பதை 2019 திருத்தம் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. போலீஸ் கேஸ் என்று பயந்து ஒதுங்கி நிற்கும் கூட்டத்துக்கு இது தெரிந்தால், 108 வருவதற்குள் ஒருவராவது அருகில் போய் உட்காருவார்.

இனிப் பாட்காஸ்ட். 1926 ஆகஸ்டில் அயர்லாந்து வானொலி, கில்கெனிக்கும் கால்வேக்கும் நடந்த ஹர்லிங் அரையிறுதியை நேரடி வர்ணனையாக ஒலிபரப்பியது. ஐரோப்பாவில் மைதான விளையாட்டுக்குச் செய்யப்பட்ட முதல் வானொலி வர்ணனைகளில் அது ஒன்று. அந்த வர்ணனையை அந்த நிமிடம் கேட்காவிட்டால் போனதுதான். 2024இல் காலமான மைக்கேல் ஓ மூர்ஹெர்டிக் அறுபது ஆண்டுகளுக்கு மேல் வர்ணனை செய்தபோதும் மக்கள் வேலையை விட்டுவிட்டு வானொலியைச் சுற்றி உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். பாட்காஸ்ட் அப்படியில்லை, அது ஓடிப்போகாது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒலிபெருக்கியில் மெல்லிய சத்தத்தில் கேட்பவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கோரிப்பாளையம் சிக்னலிலும் ரிங் ரோட்டிலும் இருசக்கர வண்டியில் போகிறவனுக்குப் பின்னால் வரும் பேருந்தின் ஒலிதான் முதல் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை அடைத்துவிட்டு டிப்பெரரியின் முன்வரிசையைப் பற்றிய விவாதத்தைக் கேட்பதில் என்ன இருக்கிறது? மாட்டுத்தாவணியில் பேருந்துக்குக் காத்திருக்கும்போது கேளுங்கள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து கேளுங்கள். இரவில் மொட்டை மாடியில் கேளுங்கள்.

கேட்பதற்கு இந்த ஆண்டும் நிறையவே இருக்கும். மன்ஸ்டரில் கார்க், கிளேர், லிமெரிக், டிப்பெரரி, வாட்டர்ஃபோர்டு என்ற ஐந்து அணிகளும் ஒன்றோடொன்று மோதி, மூன்று மட்டுமே மேலே போகும். 2018இல் இந்தச் சுழல்முறை வந்ததிலிருந்து 2025 வரை, இந்த முறையில் நடந்த எந்த ஆண்டிலும் வாட்டர்ஃபோர்டு அந்த மூன்றுக்குள் வந்ததில்லை. அவர்களின் கடைசி அகில அயர்லாந்துக் கோப்பை 1959இல் கிடைத்தது. நான் வாட்டர்ஃபோர்டு பக்கம். அங்கே மாலை நான்கு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு எட்டரைக்குத் தொடங்கும். முடியப் பத்தேகால் ஆகும். ஆட்டம் உள்ள ஞாயிறுகளில் தல்லாகுளத்தில் என் வீட்டில் கூடுவதாகப் பேசியிருக்கிறோம். மேலூரிலிருந்தும் திருமங்கலத்திலிருந்தும் வருகிறவர்கள் இரவு இங்கேயே தங்கிக்கொள்ளலாம். பாயும் தலையணையும் இருக்கின்றன, காலையில் இட்லி உண்டு.