நாய்க்குப் பாம்புக்கடி: கிளம்பும் முன் "விஷமுறிவு மருந்து ஏ.எஸ்.வி. இருக்கா" என்று கேளுங்கள்

எங்கள் ராணி பிழைத்துவிட்டாள். ஆனாலும் அந்த ராத்திரி அலைந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஏற்காடு அடிவாரத்தில் தோட்டத்து வீடு. வைக்கோல் போரில் மூக்கை நுழைத்தவளைக் கண்ணாடிவிரியன் மூஞ்சியில் போட்டுவிட்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தாடை வீங்கி, கடிவாயில் ரத்தம் கசிந்தபடியே இருந்தது. கட்டுப் போடுவது, கீறுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

சேலத்தில் முதலில் போன கிளினிக்கில் அலர்ஜி ஊசியும் ஸ்டீராய்டும் போட்டு, "காலையில கூட்டிட்டு வாங்க" என்றார்கள். விஷமுறிவு மருந்து கேட்டால், "ஸ்டாக் இல்லைங்க." இதை வாசலிலேயே சொல்லியிருக்கலாமே! அவர்கள் போட்ட இரண்டுமே விஷத்தை முறிக்காது. மருந்துக்கடையிலோ, "இது மனுஷங்களுக்குப் போடறது" என்று கையை விரித்துவிட்டார்கள். நாய்க்கும் அதே குப்பிதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் அது ஒன்றே.

தம்பி வண்டியில் இருந்தபடியே ஒவ்வொரு டாக்டருக்காகப் போன் போட்டு, "குப்பி இப்போ கையில இருக்குங்களா?" என்று கேட்டான். ஐந்து ரோடு பக்கம் ஒருவர் "உடனே வாங்க" என்றார்.

அவர் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்தார். சாய்த்ததும் தண்ணீராக ஓடியது. உறையவே இல்லை. மருந்துப் பொடியைக் கரைக்கும்போது குலுக்கினால் நுரைக்கும் என்று குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவில் மெல்ல உருட்டினார். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டுதான் டிரிப் ஏற்றினார். 6 மணி நேரம் கழித்து மறுபடி அதே சோதனை. இந்த முறை குழாயைக் கவிழ்த்தும் ரத்தம் விழவில்லை. அம்மா அங்கேயே அழுதுவிட்டார்.

சின்ன நாய்தானே என்று குப்பியைக் குறைக்கச் சொல்லாதீர்கள். எடை கணக்கில்லை, ஏறிய விஷம்தான் கணக்கு. மலைமேல் இருப்பவர்களுக்கு ஒன்று: மூங்கில் புதரில் இருக்கும் பச்சை விரியனுக்கு இந்த மருந்து கேட்காது. அதனால் தூரத்திலிருந்து பாம்பைப் போட்டோ எடுக்க முடிந்தால் எடுங்கள். அதற்காக நேரத்தை விடாதீர்கள். கட்டுவிரியன் கடியில் வீக்கமே இல்லாமல் போகலாம். கண் இமை தொங்கினாலோ, பின்னங்கால் தள்ளாடினாலோ தாமதிக்காதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகும் சிறுநீரைக் கவனியுங்கள். கண்ணாடிவிரியன் விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிவப்பாகப் போனாலோ அளவு குறைந்தாலோ உடனே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் கெட்டால் ஏறும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். ராணிக்கு முதலில் ஏறி, பிறகுதான் இறங்கியது.