அவனுக்கு அவளுடைய டைம்டேபிள் தெரியும்

காதலனின் அடி உதைக்கும் மிரட்டலுக்கும் ஆளான மாணவி என்னிடம் வருவதற்குள், தோழிகள் ஒரு சுற்று அறிவுரை சொல்லி முடித்திருப்பார்கள். “பேசாம பிரேக்கப் பண்ணிட்டு பிளாக் பண்ணிடு.” அக்கறையில் சொல்வதுதான். ஆனால் இப்படிப்பட்ட உறவில் ஆபத்து கூடுவது பெரும்பாலும் பிரியும் சமயத்திலும் பிரிந்த கையோடும்தான். பிடி நழுவுகிறது என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிற நேரம் அது. அதனால் மாணவர் ஆலோசகராக இருக்கும் நான், “எப்போது விட்டு வரப்போகிறாய்?” என்று ஆரம்பிப்பதில்லை. நாளை வகுப்புக்கு எப்படி வருவாய், எப்படித் திரும்புவாய்? அதுதான் முதல் கேள்வி.

மாணவர்களின் சிக்கலே இதுதான். எந்த மணிக்கு எந்த அறை, லேப் எப்போது விடும், எல்லாம் முன்கூட்டியே தெரிந்த விஷயம். நண்பர்களும் இருவருக்கும் பொது. ஆகவே பாதுகாப்புத் திட்டம் போட உட்கார்ந்தால் நான் மேசையில் விரிப்பது அவளுடைய டைம்டேபிளைத்தான். ஒரு மாணவி அதில் மாலை லேபைச் சுற்றி வட்டம் போட்டாள். “இங்கதான் மேடம். படிக்கட்டுக்குக் கீழ நிப்பான்.” அப்புறம் என்ன செய்வாய் என்றேன். லேபில் கடைசி ஆளாகக் குடுவைகளைக் கழுவிக்கொண்டே இருப்பாளாம். லேப் உதவியாளர் பூட்டிவிட்டுக் கிளம்பும்போது, ஏதாவது சந்தேகம் கேட்டபடி அவரோடு இறங்கிவிடுவாளாம்.

திட்டம் ஏற்கெனவே அவளிடம் இருந்தது. அதைத் தற்செயலுக்கு விடாமல் உறுதியாக்குவதுதான் என் வேலை. உதவியாளரிடம் சொல்லலாமா, எவ்வளவு சொல்லலாம், அவர் விடுப்பு எடுத்தால் யார், இந்த மூன்றையும் அவளே முடிவு செய்தாள். அவள் சம்மதம் இல்லாமல் நான் யாரிடமும் வாய் திறந்தால், அடுத்த முறை என் அறைக்கு வரமாட்டாள். உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் மட்டும் பேசாமல் இருக்க முடியாது. அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவேன்.

அந்த நிலையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஜாக்குலின் கேம்பெல் என்ற செவிலியர் 1980களில் உருவாக்கிய ஆபத்து மதிப்பீட்டில், கேள்விகளுக்கு முன்னால் ஒரு காலண்டரைக் கொடுப்பார்கள். கடந்த ஓராண்டில் என்ன நடந்தது, எப்போது நடந்தது என்று பாதிக்கப்பட்டவர்களே குறிக்க வேண்டும். “எப்பவாவதுதான் மேடம்” என்றவர்கள், குறித்து முடித்ததும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். கேள்விகளில் எனக்கு மிகவும் பதற்றம் தருவது கழுத்தை நெரித்தானா என்பது. தழும்புகூட இல்லாமல் போய்விடும் என்பதால் பலர் இதைச் சொல்லவே மாட்டார்கள். ஆனால் முன்பு ஒருமுறை நெரிக்கப்பட்ட பெண் பின்னால் துணையின் கையாலேயே கொல்லப்படும் வாய்ப்பு 7 மடங்குக்கு மேல் என்று 2008இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு சொல்கிறது. இதற்கு ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மருத்துவர்.

போன் விஷயத்தில் எல்லாருக்கும் அவசரம். லொகேஷனைச் சட்டென்று நிறுத்தினால், ஏதோ நடக்கிறது என்று அந்த நிமிடமே அவனுக்குத் தெரியும். பிளாக் செய்தால் மிரட்டல் மெசேஜ்கள் வருவது நிற்கும். கோபம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று முன்கூட்டியே அறிய இருந்த வழியும் கூடவே அடைபடும். சிலருக்கு பிளாக் செய்வதே சரி. சிலருக்கு அதைத் தள்ளிப்போடுவது சரி. அவனைப் பற்றி என்னைவிட அவளுக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட்களை மட்டும் அவன் கைபடாத இடத்தில் வைக்கச் சொல்வேன். பாஸ்வேர்டுகளையும் அவன் தொட்டிராத வேறொரு போனிலிருந்து மாற்றச் சொல்வேன்.

அலுவலகத்தோடு மல்லுக்கட்டுவது தனிக்கதை. லேப் பேட்ச் மாற்ற எழுத்துமூலப் புகார் வேண்டும் என்பார்கள். புகார் கொடுத்தால் அவனுக்கு நோட்டீஸ் போகும். போவதற்குள் பேட்சை மாற்றுங்கள் என்று வரிசையைத் திருப்ப நான் படுகிற பாடு கொஞ்சநஞ்சமல்ல. காதலியிடம் இப்படி அடிபடும் பையன்களும் வருகிறார்கள், “சும்மா சொல்றேன், சார்கிட்ட சொல்லிடாதீங்க” என்று சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பை நான் நம்புவதில்லை.

கடைசித் தேர்வு நெருங்கும்போது எல்லாரையும் மறுபடி கூப்பிடுவேன். விடுமுறை தொடங்கிவிட்டால் எங்கள் திட்டத்தில் இருக்கும் காவலாளி, உதவியாளர், ஹாஸ்டல் தோழி யாருமே அருகில் இருக்கமாட்டார்கள். வீட்டு முகவரியோ அவனுக்குத் தெரியும். வீட்டில் யாருக்கு விஷயம் தெரியலாம், யாருக்குத் தெரியவே கூடாது என்று பேசுவதற்கே அந்த ஒரு மணி நேரம் சரியாகப் போய்விடும்.