சதுர மீட்டருக்கு இரண்டு

மே 5, 2021
வடகிழக்குக் காணியில் மைசூர்ப் பருப்பு விதைத்து முடிந்தது. 160 ஏக்கர். ஈரம் தேடி விதையை இரண்டரை அங்குலம் இறக்க வேண்டியிருந்தது. காணிக்காரப் பெரியவர் கனடாவின் சஸ்காட்டூனில், வைத்தியத்துக்காக.

மே 8
நாள் முழுக்க உருளை இழுத்தேன். மாரியில் நிலம் உறைந்து இளகும்போது அடியில் கிடந்த கல்லெல்லாம் மேலே வந்துவிடுகிறது. போன வருடம் பொறுக்கிய இடத்திலேயே இந்த வருடமும் கல். அதை மண்ணுக்குள் அழுத்தாவிட்டால் அறுவடையில் கத்தி போய்விடும். பருப்புச் செடி குட்டை, நிலத்தோடு ஒட்டித்தான் அறுக்க வேண்டும். முதுகு விட்டுப்போயிற்று.

மே 24
மழை 4 மி.மீ. அவ்வளவுதான்.

மே 27
கோச்சியாக் களை. ஏப்ரல் கடைசியில் கிளைஃபோசேட் களைக்கொல்லி அடித்த மூலையில் மற்றக் களையெல்லாம் கருகிக் கிடக்க, இது மட்டும் பச்சையாக நிற்கிறது. பருப்புக்குள் அடிக்கக்கூடிய மருந்துக்கும் இந்தச் சனியன் எப்போதோ பழகிவிட்டது. கையால் பிடுங்கினேன். 43. விட்டால் ஒரு செடியே பத்தாயிரத்துக்கு மேல் விதை தரும். காய்ந்ததும் அடியோடு முறிந்து, காற்றில் பந்தாக உருண்டு, போகிற வழியெல்லாம் கொட்டிக்கொண்டு போகும். ஆனால் விதைக்கு மண்ணில் ஆயுள் குறைவு. இரண்டு வருடம் விழவிடாமல் பார்த்தால் முடிந்தது என்பார் பெரியவர்.

இரண்டு வருடம்.

ஜூன் 1
மற்றக் காணியில் எண்ணெய்விதைப் பயிரான கனோலாவின் முளையிலையில் தத்து வண்டு. ஊசியால் குத்தினதுபோல ஓட்டைகள். இலையில் கால்வாசி போனால் மருந்து. இது கால்வாசியா, ஐந்தில் ஒன்றா? குந்தியிருந்து பார்த்ததில் எல்லா இலையும் ஒரே மாதிரித் தெரிந்தது. அடிக்கவில்லை.

ஜூன் 4
புது இலை விட்டிருக்கிறது. தப்பிற்று.

ஜூன் 15
மூலையில் இன்னும் 11.

ஜூலை 1
பிரிட்டிஷ் கொலம்பியாவில் லிட்டன் 49.6 டிகிரி தொட்டு, மறுநாளே ஊர் எரிந்துபோனதாம். இங்கே அவ்வளவில்லை. ஆனாலும் பருப்புப் பூ கொட்டுகிறது. மாடிப்படியில் இருந்து பார்த்தேன். பார்த்து என்ன செய்ய.

வேரழுகல் இல்லை. வறட்சி செய்த ஒரே புண்ணியம்.

ஜூலை 6
வெட்டுக்கிளி. ஒரு சதுர மீட்டரைக் கண்ணால் குறித்துக்கொண்டு, அதை நோக்கி நடந்து, பாய்வதை எண்ண வேண்டும். கோதுமையென்றால் எட்டு, பன்னிரண்டு வரை பொறுக்கலாம். பருப்புக்கு இரண்டுதான் கணக்கு, பூவையும் பிஞ்சையுமே கடிப்பதால். எண்ணினேன்: 1, 3, 0, 4, 2. திரும்ப வந்து எண்ணினால் 2, 2, 1, 5, 0. இரண்டு முறையும் சரியாகப் பத்து, சராசரி இரண்டு. பாய்ந்ததே திரும்பப் பாய்கிறதோ என்று ஒரு சந்தேகம். அடித்தால் மருந்துக்காசு, அடிக்காவிட்டால் பிஞ்சு. பெரியவரைக் கேட்கலாம். கேட்டால் எழும்பி வந்துவிடுவார்.

அம்மா ஊரிலிருந்து எடுத்தா. "பருப்பு விலை ஏறிக்கிடக்கு, நீங்களெல்லாம் அங்க என்னடா விளைவிக்கிறியள்?" சிரித்தேன். பிறகு, "மழையோ தம்பி?" இல்லையம்மா.

ஜூலை 7
வெட்டுக்கிளி வருவதே பள்ளத்துப் புல்லிலிருந்துதான், அதனால் ஓரங்களுக்கு மட்டும் அடித்தேன். விடியற்காலை, தேனீ எழும்ப முன்.

சஸ்காட்டூனிலிருந்து பெரியவரின் வீட்டம்மா எடுத்தா. மருந்து ஏறினால் அவருக்குச் சாப்பாடு இறங்குதில்லையாம். வடகிழக்குக் காணி எப்படி என்று மட்டும் கேட்கிறாராம். நல்லாயிருக்கு என்றேன்.

ஜூலை 10
ஓரத்தில் 0, 1, 0, 0, 1. நடுவில் 2.

ஜூலை 12
2 மி.மீ. தூசிகூட அடங்கவில்லை.

ஜூலை 19
பிடுங்கியது போதாது. கம்பிவேலியோரம் இடுப்புயரத்துக்கு ஒன்று. தினமும் அதைக் கடந்துதான் போயிருக்கிறேன். சாக்கில் போட்டு இறுகக் கட்டிவிட்டு மூலையைத் திரும்ப நடந்தேன், வரிசை வரிசையாக. இருட்டும்வரை ஏழு. போனை வண்டியிலேயே விட்டிருந்தேன்.

ஜூலை 20
எண்ணவில்லை.